என்னை மட்டும் ஏன் யாரும் திட்டுவதில்லை?

கேள்வி:

என் மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பாள். பேச்சு மெதுவாக, கொஞ்சம் குழறலாக வரும், பழகியவர்களுக்குப் புரியும். கை நடுங்குவதால் எழுத நேரமாகும். ஆனால் கெட்டிக்காரி. சாதாரணப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அங்கே எல்லோரும் அவளிடம் அன்பாக இருக்கிறார்கள். வீட்டுப்பாடம் கேட்பதில்லை. தேர்வில் முடிந்ததை எழுதட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்திலேயே ஓர் உதவியாளர் எப்போதும் இருக்கிறார். சென்ற ஆண்டு விழாவில் 'தன்னம்பிக்கை விருது' கொடுத்தார்கள். எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

போன மாதம், அவளுடைய தோழி இரண்டு நாளாக வரைந்துகொண்டிருந்த படத்தின் மேல், அந்தப் பிள்ளை வெளியே போயிருந்த நேரம் பார்த்து, என் மகள் கறுப்பு வண்ணத்தால் கிறுக்கிவிட்டாள். தோழி அழுதிருக்கிறாள். ஆசிரியை அவளிடம், "பாவம், அவளுக்குத் தெரியாது, நீ விட்டுக்கொடு" என்றாராம். அன்று இரவு என் மகள் கேட்டாள்: "அப்பா, என்னை மட்டும் ஏன் யாரும் திட்டுவதில்லை?" எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஆறு வயது மகன், "வீட்டிலும் அப்படித்தான்" என்றான்.

இவளைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா? அல்லது ஆசிரியையிடம் போய், 'என் மகளைத் திட்டுங்கள்' என்று கேட்பதா? எந்தத் தகப்பன் அப்படிக் கேட்பான்?

— ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் மகள்மீது பரிவு வந்தது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான், அவள் புகார் சொல்வதே இந்தப் பரிவைப் பற்றித்தான் என்பது உறைத்தது. சிறப்புக் கல்வியாளராக இத்தனை ஆண்டுகள் இருந்த எனக்கே இப்படி என்றால், அந்த ஆசிரியையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் சந்தேகமே இல்லை. இன்னொருவர் படத்தைப் பாழாக்கினால் திட்டு விழும் என்பது அவளுக்குத் தெரியும்; வகுப்பில் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். அவளும் பாழாக்கினாள். திட்டு விழவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் அறிவுரை கிடைத்தது. ஆக, வகுப்பில் மற்ற எல்லோருக்கும் ஒரு சட்டம், தனக்கு வேறொன்று என்பது உறுதியாகிவிட்டது. அதற்கு மேல், 'அவளுக்குத் தெரியாது' என்ற சொல் அவள் காதிலேயே விழுந்திருக்கிறது. தெரிந்தே செய்த ஒருத்தியைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மில் யாருக்காவது அலுவலகத்தில் அப்படி நடந்தால், ஒரு வாரம் தூக்கம் வராது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது என் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையை வாட்டிவிடுவார்கள். கூச்சல் போடுவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, கை நீட்டுவது, இவை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். 'இதைச் செய்தது நீ. இது தவறு. இதைச் சரிசெய்ய வேண்டியவளும் நீதான்' என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே சொல்வதைத்தான் நான் திட்டு என்கிறேன். எதிரில் இருப்பவள் பொறுப்பேற்கக்கூடியவள் என்ற மதிப்பு இருந்தால்தான் அப்படிச் சொல்ல வரும். அந்த மதிப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் உங்கள் மகள் கேட்கிறாள்.

அவளிடம் பேசும்போது முடியாமை எது, செய்யாமை எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளையில் ஒருமுறை நேர்ந்த பாதிப்பு. அசைவையும் உடல் நிலையையும் அது குலைக்கிறது. தண்ணீர் கொட்டுவது, எச்சில் வடிவது, திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுவது, எழுதி முடிக்க நேரமாவது எல்லாம் தசைகளின் வேலை. அவற்றுக்காக ஒரு முகச்சுளிப்புகூடக் கூடாது. ஆனால் வண்ணங்களுக்குள் கறுப்பைத் தேர்ந்தெடுத்ததும், தோழி வெளியே போகும்வரை காத்திருந்ததும் தசைகளின் வேலை இல்லை. (அந்தக் காத்திருப்பில் இருந்த திட்டமிடலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

உங்கள் மகள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறாள். கணக்கில் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. அதன் 24ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. அந்தப் பிரிவை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2016இல் ஒரு விளக்கம் வெளியிட்டது. அதில் நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பள்ளிக்குள் விடாமலே இருப்பது விலக்குதல். தனி இடத்தில் வைத்துக் கற்பிப்பது பிரித்துவைத்தல். இருக்கிற பள்ளியில் ஓர் இடம் கொடுத்துவிட்டு, அதற்கேற்ப உன்னை நீ மாற்றிக்கொள் என்பது ஒருங்கிணைத்தல். பாடம், கற்பிக்கும் முறை, தேர்வு, கட்டடம், எல்லாவற்றையும் குழந்தைக்கேற்பப் பள்ளி மாற்றிக்கொள்வது உள்ளடக்குதல். பலரும் மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவதன் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். உங்கள் மகளின் பள்ளி மூன்றாவதைக்கூட முழுதாகச் செய்யவில்லை என்பது என் கணிப்பு. மாறிக்கொள் என்றுகூட அவளிடம் யாரும் கேட்கவில்லையே. வந்து உட்கார், அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இங்கே ஜூடி ஹியூமன் நினைவுக்கு வருகிறார். 1947இல் பிறந்த அமெரிக்கர். கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஐந்து வயதில் தாய் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, இந்தக் குழந்தை இருந்தால் தீ விபத்தின்போது ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முதன்முதலாகப் பள்ளிக்குள் நுழைந்தபோது அவருக்கு உங்கள் மகளின் வயது, ஒன்பது. அதுவும் தனி வகுப்பில். வளர்ந்து ஆசிரியராக விரும்பியபோதும் உரிமம் மறுக்கப்பட்டது. 1970இல் வழக்குப் போட்டுத்தான் வகுப்பறைக்குள் போனார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகக் கடைசிவரை போராடிய அவர் 2023இல் காலமானார். அவர் முன்னால் மூடிய கதவு கண்ணுக்குத் தெரிந்தது, தட்ட முடிந்தது, நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது. உங்கள் மகளுக்கோ கதவு திறந்தே இருக்கிறது, எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள், கையில் ஒரு விருதும் இருக்கிறது. அவள் யாரோடு போய்ச் சண்டை போடுவாள்? அகப்பட்டது தோழியின் படம்தான்.

அந்த விருதைப் பற்றி ஒரு வார்த்தை. எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். அவளுக்குச் சொல்லத் தெரியாவிட்டால் வரவேற்பறையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். செய்த வேலை எதையும் குறிப்பிடாமல், இருப்பதற்காகவே கொடுக்கப்படும் பரிசுகள்மீது எனக்கு எரிச்சல் உண்டு. அதை மறைக்க நான் முயல்வதில்லை.

வீட்டுப்பாடம் கேட்பதில்லை என்பதையும், தேர்வில் முடிந்ததை எழுதினால் போதும் என்பதையும் அன்பின் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை இழப்பாகத்தான் தெரிகின்றன. உலகில் கிட்டத்தட்ட 24 கோடிக் குழந்தைகள், அதாவது பத்தில் ஒருவர், ஏதாவது ஓர் உடல், மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று யுனிசெஃப் 2021இல் கணக்கிட்டது. மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால், இவர்கள் ஒருநாள்கூடப் பள்ளிக்குப் போகாமல் இருந்துவிடும் வாய்ப்பு 49 சதவீதம் அதிகம். அடிப்படை வாசிப்பும் எண்ணறிவும் கைவரும் வாய்ப்பு 42 சதவீதம் குறைவு. முதல் எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது. பள்ளிக்கு உள்ளேயே உட்கார்ந்து, யாரும் எதுவும் கேட்காமல், ஆண்டுதோறும் வகுப்பு ஏறிக்கொண்டே போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் வந்து நிற்கும்போது பின்னம் தெரியாது, ஒரு பத்தியைப் படித்துச் சாரம் சொல்ல வராது. 'பார்த்தீர்களா, அவ்வளவுதான் அந்தப் பிள்ளையால் முடியும்' என்பார்கள். நான்காம் வகுப்பில் யாரும் கேட்கவில்லை என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

அடுத்து உதவியாளர். இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவள் நான். பணியில் சேர்ந்த புதிதில், சக்கர நாற்காலியில் வரும் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்குத் துணையாக ஒரு வகுப்பில் அமர்த்தப்பட்டேன். அவ்வளவு அக்கறை எனக்கு. அவன் பையை நான் திறப்பேன். அவன் பென்சிலை நான் சீவுவேன். ஆசிரியர் அவனைக் கேட்டால், அவன் வாயைத் திறப்பதற்குள் 'அவன் என்ன சொல்ல வருகிறான் என்றால்' என்று நான் ஆரம்பிப்பேன். பிள்ளைகள் அவனிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்பார்கள். பாதி ஆண்டு இப்படிப் போனது. ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் இரண்டு பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் ஏதோ ரகசியத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்கள் பின்னால் உட்காருங்களேன், மிஸ்" என்றான். அவமானமாக இருந்தது. அன்றிலிருந்து பின்னால் உட்கார்ந்தேன். பிறகு, துணைக்கு அமர்த்தப்பட்ட பெரியவர் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் சகமாணவர்கள் நெருங்குவது குறைகிறது, வகுப்பாசிரியரும் அந்தக் குழந்தையைத் தன் மாணவராக நினைப்பதை விட்டுவிடுகிறார் என்று 1990களிலேயே ஆய்வுகள் வந்திருந்ததை அறிந்தேன். எனக்கு அந்தப் பையன் முன்பே சொல்லிவிட்டான்.

உங்கள் மகளின் உதவியாளரை அனுப்பிவிடச் சொல்லவில்லை. கழிவறைக்குப் போக, படியேற, பை தூக்க அவர் வேண்டும். பாட நேரத்தில் அவர் வகுப்புக்கே உதவியாளராக இருக்கட்டும். எல்லா மேசைக்கும் போகட்டும். உங்கள் மகள் கூப்பிட்டால் வரட்டும். கூப்பிடுவதும் அவள் கற்க வேண்டிய பாடம்தான்.

இனி வகுப்பில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். வழியை மாற்றுவது ஒன்று, இலக்கை மாற்றுவது இன்னொன்று. இந்த இரண்டையும் எங்கள் துறையில் கவனமாகப் பிரிப்போம். நீர்ச் சுழற்சியைப் பற்றிப் பத்து வரி எழுது என்று ஆசிரியை சொல்கிறார். இலக்கு, நீர்ச் சுழற்சி புரிந்திருக்கிறதா என்பது. கையால் எழுதுவது ஒரு வழி மட்டுமே. உங்கள் மகள் தட்டச்சு செய்யலாம், சொல்லச் சொல்ல ஒருவர் எழுதலாம், படங்களை வரிசைப்படுத்தி விளக்கலாம். இருபது கணக்கு கொடுத்தால், அவற்றில் கடினமான ஐந்தை அவள் போடலாம். அந்த ஐந்து சரியென்றால் அவளுக்கு அந்தக் கணக்கு தெரியும், மீதிப் பதினைந்தும் கைக்கு மட்டுமே வேலை. எளிதான ஐந்தைக் கொடுத்துவிட்டு 'சபாஷ்' என்பதுதான் மோசடி. தேர்வில் கூடுதல் நேரம், இடையில் ஓய்வு, எழுதுவதற்கு ஆள். இவையெல்லாம் சலுகைகள் என்று நினைக்கிறார்கள். உடன்படிக்கையின் மொழியில் இவை நியாயமான தகவமைப்புகள். பள்ளியால் தாங்க முடியாத சுமையாக இல்லாதபோது அவற்றை மறுப்பது பாகுபாடு என்று அதன் 2ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

அறிவுத்திறனிலும் குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்கு இலக்கையே மாற்ற வேண்டியிருக்கலாம். அப்போதும் ஓர் இலக்கு இருந்தாக வேண்டும், அதை எட்டினாளா என்று யாராவது பார்த்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தத் தேவை இருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. பேச்சு குழறுவதற்குக் காரணம் நாக்கையும் உதட்டையும் இயக்கும் தசைகள். அதை வைத்துச் சிந்தனையை எடைபோடக் கூடாது. அந்நியர்கள் இந்தத் தவறை எப்போதும் செய்வார்கள். ஆசிரியர்கள் செய்யக் கூடாது.

இரண்டு சிறிய விஷயங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், காசு செலவில்லாதவை என்பதால். முதலாவது, அவள் உட்காரும் நாற்காலி. பாதம் தரையில் முழுதாகப் பதிகிறதா? பதியவில்லை என்றால், விழாமல் உட்காருவதற்கே உடம்பு முழு பலத்தையும் செலவழிக்கும். எழுதும் கைக்கு மிச்சம் எதுவும் இருக்காது. காலுக்கடியில் ஒரு பலகை வைத்து, மேசையை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவந்ததும் கையெழுத்து மாறிப்போன பிள்ளைகள் உண்டு. சரியான உயரத்தை உங்கள் இயன்முறை மருத்துவர் அளந்து சொல்லிவிடுவார். பிற்பகலில் அவள் சோர்ந்துபோவதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், அவள் அந்த வகுப்பறைக்கு நடந்து வருவதற்கே மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு ஆற்றல் செலவாகியிருக்கலாம் என்று சொல்லுங்கள். கடினமான பாடம் காலையில் இருந்தால் நல்லது.

இரண்டாவது, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார். மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். உங்கள் மகளுக்கு மூன்று போதாது. அவள் மூச்சை இழுத்து, தசைகளைத் திரட்டி, முதல் எழுத்தைக் கொண்டுவருவதற்கே ஐந்து போய்விடும். ஆசிரியை பத்து எண்ணட்டும், மனத்துக்குள். அந்த மௌனம் சங்கடமாக இருந்தால், 'அடுத்த கேள்வி உனக்கு' என்று முன்பே சொல்லி வைக்கலாம். அவள் ஆயத்தமாக இருப்பாள். இதைத் தொடர்ந்து செய்த ஒரு வகுப்பில், பிள்ளைகளே 'ஷ்ஷ், அவன் சொல்லப் போகிறான்' என்று ஒருவரையொருவர் அடக்குவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சுக்குத் துணையாகப் படப் பலகையோ பேசும் கருவியோ பரிந்துரைக்கப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள். அதனால் இருக்கும் பேச்சும் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை.

விளையாட்டு நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. மதிப்பெண் குறிக்கிறாள் என்று பந்தயம் கட்டுவேன். குறிப்பந்துக்கு மிக அருகில் தன் பந்துகளைக் கொண்டுசேர்க்கும் போச்சியா என்ற விளையாட்டு மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காகவே உருவானது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. சில பந்துகளும் ஒரு வழுவழுப்பான தரையும் போதும். வகுப்பே சேர்ந்து ஆடலாம், பெரும்பாலும் அவள் ஜெயிப்பாள். தோற்றாலும் நல்லதுதான்.

தோற்பது என்றதும் உங்களுக்குப் பதைப்பாக இருக்கும். உண்மையான தேர்வு வைத்தால் அவள் குறைந்த மதிப்பெண் வாங்கக்கூடும், அழக்கூடும். வாங்கட்டும். ராபர்ட் பெர்ஸ்கி என்பவர் 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை எல்லா ஆபத்திலிருந்தும் பொத்திப் பொத்திக் காப்பது அவர்களுடைய மாண்பைப் பறிப்பதாகும் என்பது அதன் சாரம். முயன்று பார்த்துத் தவறும் வாய்ப்பே ஒருவருக்கு இல்லையென்றால், அவர் பெற்ற வெற்றியையும் யாரும் நம்பமாட்டார்கள். உங்கள் மகள் இப்போதே நம்பவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. சிறப்புப் பள்ளி பாவம் என்று நினைப்பவள் அல்ல நான். செவித்திறன் குறைந்த ஒரு குழந்தை, சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதைவிட, கைகளால் வம்பளக்கவும் சண்டை போடவும் ஆளிருக்கும் பள்ளியில் இருப்பது மேல். அதற்கு அங்கே ஒரு மொழி கிடைக்கிறது. உங்கள் மகளின் நிலை வேறு. அவளுக்குத் தோழி இருக்கிறாள், மொழி இருக்கிறது, பாடம் புரிகிறது. அதோடு, அவள் ஏற்கெனவே ஒரு சிறப்புப் பள்ளியில்தான் இருக்கிறாள்: ஒரு பெஞ்சு அளவு, ஒரு மாணவி, ஓர் உதவியாளர், பாடத்திட்டம் கிடையாது. முதலில் அதை மூட முயற்சி செய்யுங்கள். ஓர் ஆண்டு முழுக்க முயன்றும் பள்ளி அசையவில்லை என்றால் பள்ளியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அப்போதும் இன்னொரு சாதாரணப் பள்ளியை முதலில் பாருங்கள்.

வீட்டுக்கு வருவோம். உங்கள் மகன் சொன்ன இரண்டு சொற்கள்தான் இந்தக் கடிதத்திலேயே எனக்குப் பிடித்தவை. அவன் பொறாமையில் சொன்னான் என்று நினைத்து அவனைச் சமாதானப்படுத்தியிருப்பீர்கள். அவன் சொன்னது அக்காவுக்கான சாட்சியம். வீட்டில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவள் செய்யாவிட்டால் எல்லோருக்கும் இடைஞ்சலாகிற வேலையாக இருக்க வேண்டும். சுவிட்சை அணைப்பது போன்ற ஒப்புக்கான வேலை வேண்டாம். காலையில் மணி பார்த்து எல்லோரையும் எழுப்பும் பொறுப்பு அவளுடையது என்று வையுங்கள். ஒருநாள் மறப்பாள், அல்லது வேண்டுமென்றே விட்டுவிடுவாள்; எல்லோருக்கும் தாமதமாகும். அந்தக் காலையில் 'பரவாயில்லை கண்ணு' என்று சொல்லாமல் இருப்பது உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும். அவளுக்கு அல்ல.

பள்ளியில் போய் 'திட்டுங்கள்' என்று கேட்க வேண்டாம். 'இந்தப் பருவம் முடிவதற்குள் என் மகள் என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். நீங்களும் பத்து எண்ணுங்கள். 'அவள் சந்தோஷமாக இருந்தால் போதும்' என்று ஆசிரியை சொன்னால், அவருக்கு மனமார நன்றி சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். வரும் பதிலை எழுதி வாங்குங்கள். தனிநபர் கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர்; படிவம் இல்லாவிட்டாலும் ஒரு தாள் போதும். 'வாசிப்பு மேம்படும்' போன்ற வாக்கியங்களை ஏற்காதீர்கள். எந்த நிலைப் புத்தகம், எவ்வளவு உதவியோடு, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். இவளால் மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று யாராவது இழுத்தால், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அப்படிப் பொதுவான பாதிப்பு எதையும் காணவில்லை என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். அந்த வாதத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

அந்தச் சந்திப்பில் உங்கள் மகளும் இருக்கட்டும். தன்னைப் பாதிக்கும் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லவும், அதைச் சொல்வதற்குத் தேவையான உதவியைப் பெறவும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு. உதவியாளர் எங்கே உட்கார வேண்டும் என்று அவளைக் கேளுங்கள். என்னிடம் அந்தப் பையன் சொன்னதுபோல அவளிடமும் பதில் தயாராக இருக்கும்.

அதற்கெல்லாம் முன்பாக, இந்த வாரமே, அந்தப் படத்தின் விவகாரத்தை முடிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு பிள்ளைகளும் மறந்திருக்கமாட்டார்கள். இன்று இரவு அவளிடம், "நீ செய்தது தவறு. உன்னைத் திட்டாமல் விட்டது எங்கள் தவறு" என்று இரண்டையும் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள், ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறாதீர்கள். பிறகு அவள் தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். தன் வாயால், எவ்வளவு நேரமானாலும். நீங்கள் பின்னால் நின்று 'அவள் என்ன சொல்ல வருகிறாள் என்றால்' என்று ஆரம்பிக்கக் கூடாது. புதிய தாளும் வண்ணங்களும் அவள் சேமிப்பிலிருந்து வாங்கட்டும்.

தோழியின் பெற்றோரிடம் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: 'பாவம், மன்னித்துவிடு' என்று அந்தப் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். இரண்டு நாள் உழைப்பு அது. அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றால், தீரவில்லை என்றே உங்கள் மகளிடம் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் சகோதரி